இதயம் முழுக்க ரத்தம், அதற்கே ரத்தம் போதவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது. கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோகிராமில் ‘எல்.ஏ.டி. 70 சதவீத அடைப்பு’ என்று வந்திருக்கிறது. இதயத்துக்குள் இருப்பதே ரத்தம்தானே, அதற்கு எப்படிப் போதாமல் போகும்?
— வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நியாயமான சந்தேகம். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இதயத்தின் வழியே போகிறது. ஆனால் வங்கி கேஷியர் கையில் லட்சம் லட்சமாகப் புரண்டாலும், வீட்டுச் செலவுக்குச் சம்பளம் தனியாகத்தான் வரவேண்டும். அறைகளுக்குள் இருக்கும் ரத்தம் உட்சுவரின் மெல்லிய அடுக்குக்கு மட்டுமே எட்டும். தடித்த தசைக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஏறக்குறைய 3 செ.மீ. அகலம். வால்வைத் தாண்டியதுமே அதில் முதல் கிளைகளாகப் பிரிபவை வலது, இடது கரோனரி தமனிகள், அதாவது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். இடதுபக்கக் குழாய் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகும். ஒன்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகும். மற்றது முன்பக்கமாக இதயத்தின் நுனியை நோக்கி இறங்கும், அதுதான் எல்.ஏ.டி. அகலம் மூன்று நான்கு மி.மீ.தான். ஆனால் இடது கீழறையின் முன்சுவரும், இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரும்பகுதியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்தாலே மருத்துவர்களான நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான்.

சரி, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் வலி இல்லை? விட்டம் 70 சதவீதம் குறைந்தால் ரத்தம் போகும் வழி பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படியும் அடைப்புக்குக் கீழேயுள்ள சிறு குழாய்கள் விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடும். படியேறும்போது தசைக்கு இன்னும் ரத்தம் தேவை, ஆனால் ஏற்கெனவே விரிந்துவிட்ட அந்தக் குழாய்களுக்கு மேலும் விரிய இடமிருக்காது. இன்னொன்று: இடது கீழறை சுருங்கும்போது தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. அதன் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமானால் அந்த நேரமும் சுருங்கும்.

ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வேண்டுமா என்பதை 70 என்ற எண் மட்டும் முடிவு செய்யாது. அடைப்பு குழாயின் தொடக்கத்திலா, கீழேயா? எக்கோ ஸ்கேனில் இதயம் பம்ப் செய்யும் திறன் எப்படி? மாத்திரையில் வலி அடங்குகிறதா? இவற்றை உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லை என்று உங்கள் கணவர் தானாக நிறுத்தக்கூடாது.

சும்மா இருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, நின்ற பிறகும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அப்புறம், ஆஞ்சியோகிராம் படம் பதிவான சி.டி. தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறொரு மருத்துவரிடம் காட்டினால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.