பிசிஆர் குழாயில் பிறக்கும் கலப்பு டிஎன்ஏ: உங்கள் கேள்விகள்

கேள்வி: மண் மாதிரியிலிருந்து, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல நகல்களாக்கும் முறை) பெருக்கினேன். ஒரு வரிசையின் முன்பாதி ஒரு பாக்டீரியாவோடும் பின்பாதி இன்னொன்றோடும் பொருந்துகிறது. புது இனமா?

பதில்: முதலில் கைமீரா, அதாவது இரு உயிரிகளின் துண்டுகள் ஒட்டிப் பிறந்த போலி வரிசை, என்றே சந்தேகப்படுங்கள். டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் ஓர் இழையை நீட்டி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். சில சமயம் டெம்ப்ளேட்டே (பார்த்து நகலெடுக்கும் மூல இழை) அறுந்திருக்கும். எப்படியோ இழை பாதியில் நிற்கிறது. அந்த அரைகுறைத் துண்டு அடுத்த சைக்கிளின் (சூடாக்கி, ஆற்றி, நகலெடுக்கும் ஒரு சுற்று) சூட்டில் பிரிந்து, வெப்பம் இறங்கும்போது வேறோர் உயிரியின் டெம்ப்ளேட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் 3 பிரைம் முனை (இழை நீளும் முனை) அங்கே பொருந்திவிட்டால் போதும், அதுவே பிரைமர், அதாவது நகலைத் தொடங்கிவைக்கும் துண்டு. மீதி நீளம் புது டெம்ப்ளேட்டைப் பார்த்து எழுதப்படும். அப்புறம் இரு முனையிலும் உங்கள் பிரைமருக்கு இடம் இருப்பதால், அசலைப் போலவே அதுவும் பெருகும்.

16எஸ் இதற்கு ரொம்பத் தோதான மரபணு. சுமார் 1,500 கார இணை (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி) நீளத்தில் 9 மாறும் பகுதிகள். இடையிடையே பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பகுதிகள். ஒட்டு பெரும்பாலும் இவற்றில்தான் விழும்.

எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த படி. இப்படி ஒரு வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால், உலகில் இல்லாத உயிரியை அடுத்த ஆய்வாளர் ஆதாரமாக எடுத்துக்கொள்வார். ஏற்றும் முன், தனியாக எடுத்த டிஎன்ஏவில் இன்னொரு பிசிஆர் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தாலும் உறுதி இல்லை. பெற்றோர் (கலந்துபோன அசல் வரிசைகள்) இரண்டும் ஏராளமாக இருந்தால் அதே கைமீரா திரும்பவும் உருவாகலாம்.

கேள்வி: பிழை திருத்தும் பாலிமரேஸுக்கு மாறினால் தீருமா?

பதில்: தீராது. கைமீராவில் எழுத்துப் பிழையே இல்லை. இரு பாதியும் சரியான நகல்கள். நடுவில் நிற்காமல் நீளமாக ஓடும் நொதி என்றால் உதவும்.

கேள்வி: 35 சைக்கிள் ஓட்டுகிறேன். அதிகமா?

பதில்: கலப்பு மாதிரிக்கு அதிகம். கடைசி சைக்கிள்களில் பிரைமர் குறைந்து, முந்தைய சைக்கிள்களின் இழைகள் குவிந்திருக்கும். அரைகுறைத் துண்டுகளுக்கு அதுதான் நல்ல காலம். 25 சைக்கிளில் முடியுமா பாருங்கள். அளவு போதாவிட்டால் பல குழாய்களில் ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நீட்டும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: டாக் பாலிமரேஸுக்கு 1,000 காரத்துக்கு ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. மாதிரியிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும்போது, செல்லை உடைக்கும் சிறு மணிகளோடு போட்டு ரொம்ப நேரம் குலுக்கினால் இழைகள் அறுந்துபோகும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஹெட்டரோடூப்ளெக்ஸ் என்பதும் இதுதானா?

பதில்: இல்லை. அங்கே இரு இழைகளும் முழுமையானவை, ஆனால் வெவ்வேறு டெம்ப்ளேட்டிலிருந்து வந்து ஜோடி சேர்ந்தவை. அப்படியே ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திக் குளோன் செய்தால் (நகலாக்கினால்), அதன் பழுதுநீக்கும் நொதிகள் பொருந்தாத இடங்களைச் சில இடத்தில் ஓர் இழைப்படியும், சில இடத்தில் மற்றதன்படியும் திருத்தும். கிடைப்பது இரண்டும் கலந்த வரிசை. பிசிஆர் விளைபொருளை 10 மடங்கு நீர்த்து, புதுக் கலவையில் 3 சைக்கிள் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: மென்பொருள் எல்லாவற்றையும் பிடித்துவிடுமா?

பதில்: யூகைம், டாடா2 இரண்டும் நல்லவை. கைமீரா பிந்திப் பிறப்பதால் பெற்றோரைவிட எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் என்பதை வைத்தே தேடுகின்றன. பெற்றோர் இரண்டும் நெருங்கிய உறவு என்றால் தப்பிவிடும்.