மகன் சுழியோடப் போகிறானாம்: கல்கிசைக்கு ஒரு காலை போய்ப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகன், ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டருடன் சுழியோடுவது) பயிற்றுநர் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் தம்பி நினைக்கிற வேலை அல்ல. மீன் பார்ப்பது காசு கொடுத்து வருகிறவர்கள். தம்பிக்குச் சம்பளம் கிடைப்பது அவர்களை எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றுவதற்கு.

நம்பிக்கையில்லை என்றால் கடல் அடங்கியிருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில் ஒரு காலை கல்கிசைக் கரைக்குப் போய்ப் பாருங்கள். படகு புறப்படுமுன் பெயர்களை எழுதுகிறார்களா? அவசரச் சிகிச்சைக்கான ஒட்சிசன் சிலிண்டர் ஏறுகிறதா? எல்லோரும் நீரில் இறங்கினாலும் படகில் ஒருவர் தங்குகிறாரா? வெளியே வந்தவர் ஏணியைப் பிடிக்குமுன் இயந்திரத்தை நியூட்ரலில் போடுகிறார்களா? திரும்பும்போது ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லி எண்ணாமல், “எல்லாரும் வந்தாச்சா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் கிளம்புகிற இடத்தில் மகனைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் பயம் நீரோட்டம்தானே? நியாயமான பயம். 2012இல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கிய தெர்மோபிலே சியரா போன்ற கப்பல்களைப் பார்க்கத்தான் கொழும்புக்குச் சுழியோடிகள் வருகிறார்கள். திறந்த கடலில் கிடக்கும் கப்பலுக்கு, அதோடு கட்டிய கயிற்றைப் பிடித்தபடிதான் இறங்க வேண்டும். கீழே முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போய், சிலிண்டரில் காற்று மிச்சமிருக்கும்போதே ஓட்டத்தோடு திரும்புவது வழக்கம். கயிறு கைநழுவினால் எதிர்த்து நீந்தி அதைப் பிடிக்கப் பார்ப்பதுதான் ஆபத்து: மூச்சு இரைக்கும், சிலிண்டரில் காற்று மளமளவென்று இறங்கும். ஓட்டத்தோடு போய்க்கொண்டே மெல்ல மேலேறி, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து, செம்மஞ்சள் மிதவைக் குழாயை ஊதி மேலே விட வேண்டும். அதைக் கண்டு படகு தேடி வரும். படகில் ஆள் தங்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

இதையெல்லாம் பழக்கிவிடலாம். பழக்கக் கடினமானது வேறொன்று. காசு கட்டிய எட்டுப் பேர் படகில் உட்கார்ந்திருக்க, கயிறு ஓட்டத்தில் விறைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு இறங்க வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். முதலாளி முறைத்தாலும் சொல்ல வேண்டும். தம்பி அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளையா? உங்களுக்குத்தான் தெரியும். என் கணக்கில் நீச்சலைவிட இதுவே பெரிய தகுதி.

சரி, படிப்புக்கு வருவோம். பாடி (PADI) என்ற சர்வதேசச் சுழியோடல் பயிற்சி அமைப்பின் முறையில் முதல் சான்றிதழ் 18 மீற்றர் ஆழம் வரைதான். பயிற்றுநருக்கு முந்திய படியான டைவ்மாஸ்டருக்கு 18 வயதும், பயிற்சி தொடங்க 40 முக்குளிப்புகளும், முடிக்க 60ம் வேண்டும். பயிற்றுநர் தேர்வுக்கு 100. தொடக்கத்திலிருந்து பயிற்றுநர் வரை ஒரே பொதியாக விற்பவர்களிடம் மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள். முதல் சான்றிதழுக்கு மட்டும் கட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மீட்புப் பயிற்சி, அப்புறம் மற்றவை.

வேலை பருவத்தோடு இடம் மாறும். மேற்கில் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையும் பாசிக்குடாவும்தான். அங்கே படகுக்காரரோடு தமிழிலேயே பேசலாம் என்பது தம்பிக்குக் கூடுதல் பலம். மாலைதீவுக்குப் போகிறவர்களும் உண்டு. அதற்கு ஆங்கிலம் சரளமாக வேண்டும். சும்மா இருக்கும் இந்த மாதங்களில் அதைப் படிக்கட்டும். பல்கலைக்கழக இடம் கிடைத்தால் விட வேண்டாம், விடுமுறைகளில் சுழியோடலாம்.

பணம் கட்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. சின்ன வயதில் மூச்சிழுப்பு வந்ததா, காதில் சீழ் வடிந்ததா, சைனஸ் உண்டா என்று மருத்துவப் படிவத்தில் கேட்பார்கள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து நிரப்புங்கள். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் முதலில் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.