புரோவின்ஸ் வாங்கினால் கட்டு படுத்துவிடுகிறதா?

கேள்வி: சீட்டு வாங்கிச் சொந்தக் கட்டை வளர்க்கும் டொமினியன் ஆட்டத்தில், முதல் புரோவின்ஸ் (புள்ளி தரும், காசு தராத சீட்டு) வாங்கியதிலிருந்து கையில் காசே சேர்வதில்லை. வாங்காமல் காத்திருந்தால் தம்பி ஜெயித்துவிடுகிறான். எப்போதுதான் வாங்குவது? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கோளாறு புரோவின்ஸில் இல்லைம்மா, அதற்கு முந்தைய உங்கள் சீட்டுக்கட்டில். தொடக்கத்தில் 7 காப்பர் (ஒரு காசுச் சீட்டு), 3 எஸ்டேட் (காசு தராத சிறு புள்ளிச் சீட்டு). ஐந்து சீட்டு எடுத்தால் சராசரியாக மூன்றரைக் காசுதான். புரோவின்ஸ் விலையோ 8. ஏதோ ஒருமுறை 8 வந்துவிட்டதென்று பாய்ந்தால், அடுத்த 8 லேசில் வராது. கட்டில் ஒரு கோல்டுகூட (மூன்று காசுச் சீட்டு) இல்லையென்றால் அந்தக் காசில் முதலில் கோல்டு வாங்குங்கள். 15 சீட்டில் 27 காசு இருக்கிற கட்டு, புரோவின்ஸ் ஒன்று சேர்ந்த பிறகும் சராசரி 8-க்குக் குறையாது.

அப்புறம், வாங்கிய சீட்டு மறுபடி கட்டைக் கலைக்கும்வரை உங்களைத் தொந்தரவு செய்யாது. இன்னும் எத்தனை முறை கலைப்போம் என்று மட்டும் பாருங்கள். புரோவின்ஸ் குவியல் தீர்ந்தால் ஆட்டம் முடியும்; இருவர் ஆட்டத்தில் எட்டில் நாலுதான் மீதி என்றால் நடுத்தரப் புள்ளிச் சீட்டான டச்சியை வாங்கத் தயங்க வேண்டாம். கடைசிச் சுற்றில் எஸ்டேட்டும் புள்ளிதான்.

கையை அடைக்கும் குப்பைச் சீட்டுகளைக் கழிக்கக் கூடுதல் பெட்டி வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அடிப்படைப் பெட்டியிலேயே சேப்பல் என்ற சீட்டு இருக்கிறது: விலை 2 காசு, ஒரே தடவையில் நாலு சீட்டு வரை ஒழித்துக்கட்டும். இணையத்தில் பாதி விலைக்குத் தள்ளுகிற இடைத்தரகர்களிடம் இன்னும் கவனம். போலி அச்சில் சீட்டின் முதுகு நிறம் மாறியிருந்தால், அடுத்து வருவது என்னவென்று தம்பிக்குத் தெரிந்துவிடும். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கு 2024 முதல் 10 விழுக்காடு வரி. வரி வாங்க வழி தெரிகிறது, போலியைத் தடுக்கத்தான் வழி தெரியவில்லை!

குப்பையே லாபமாகும் இடம் கார்டன்ஸ் என்ற புள்ளிச் சீட்டு. கட்டில் பத்துச் சீட்டுக்கு ஒரு புள்ளி. 40 சீட்டு இருந்தால் ஒவ்வொரு கார்டன்ஸும் 4 புள்ளி. 39 என்றால் மூன்றுதான், மிச்சத்துக்கு ஒன்றும் கிடையாது. அதனால் முடிவில் எண்ணிப் பார்த்து, குறைகிற ஒன்றுக்குக் காப்பரையாவது எடுத்துச் செருகுங்கள், அது இலவசம். கூடவே காசில்லாமல் சீட்டு எடுக்க வைக்கும் வொர்க்ஷாப் இருந்தால் சீட்டு மளமளவென்று சேரும். கார்டன்ஸ், வொர்க்ஷாப், எஸ்டேட் என மூன்று குவியலைக் காலி செய்தால் ஆட்டம் முடிந்தது. புரோவின்ஸ் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வொர்க்ஷாப் இல்லாத நாளில் இந்த வழியைத் தொடாதீர்கள்.