சிலிக்கா திரண்டு அடியில் தங்கினால்

சிலிக்கா துகள்கள் மேல் பூச்சு போட, பாலிடாட்மேக்கையும் (நேர்மின் பாலிமர்) பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டையும் (எதிர்மின் பாலிமர்) மின்னேற்றம் சமமாக வரும்படி கலந்து சிலிக்காவில் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள், பால் திரிந்தது போல் ஆகிவிட்டது, கழுவியது லேப் போர் தண்ணீரில் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், இதைச் சரிசெய்யலாம்.

முதலில் விகிதம். சமமாகக் கலந்தால் இரண்டு பாலிமரும் சேர்ந்து உண்டாகும் காம்ப்ளெக்ஸின் மின்னேற்றம் ஏறக்குறைய பூஜ்யம், அது தானே திரண்டுவிடும். சல்ஃபோனேட்டைக் குறைத்து, நேர்மின்னேற்றம் ஒன்றுக்கு எதிர்மின்னேற்றம் 0.6 அளவில் வையுங்கள். சிலிக்கா பிஎச் 2–3க்கு மேலே எதிர்மின்னேற்றம் கொண்டது, அதனால் பிஎச் 6ல் நேர்மின் காம்ப்ளெக்ஸ் நன்றாக ஒட்டும்.

அதைவிட முக்கியம், எதில் எதை ஊற்றுகிறீர்கள் என்பது. சொட்டுச் சொட்டாக விடும்போது சிலிக்கா மைனஸிலிருந்து ப்ளஸுக்கு மெதுவாகப் போகிறது, நடுவில் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. அப்படி ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு. மாற்றிச் செய்யுங்கள்: காம்ப்ளெக்ஸை அதிகமாக எடுத்து வேகமாகக் கலக்கிக்கொண்டே, நீர்த்த சிலிக்காவை அதில் ஊற்றுங்கள். அப்புறம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, ஒட்டாத பாலிமரைக் கழுவி, சோனிகேட்டரில் (மீயொலியால் துகள்களைப் பிரிக்கும் கருவி) வையுங்கள்.

தர்மபுரி போர் தண்ணீரின் உப்பும் ஃப்ளோரைடும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள் துகள்களுக்கு இடையிலான விலக்கத்தைக் குறைத்துவிடும். டீஅயனைஸ்டு தண்ணீர் மட்டும் போதும், வீட்டு ஆர்ஓ வேண்டாம்.

ஜீட்டா பொட்டென்ஷியல் (துகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) அளக்கும்போது 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடில், வெறும் சிலிக்காவையும் அதே பிஎச்சில் அளந்துகொள்ளுங்கள். பூசியது +30 மில்லிவோல்ட் தாண்டினால் பொதுவாகத் திரளாது. இரண்டு அளவையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.