இரண்டு டயர் மாற்றினால் போதுமா?

கேள்வி: பனி பெய்யும் ஊருக்குக் குடிவந்திருக்கிறேன். காருக்கு முன்பக்கம் மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: போதாது, நான்கையும் மாற்றிவிடுங்கள். முதல் வருடம் நானும் செலவுக்குப் பயந்து முன்னால் இரண்டு மட்டும் போட்டேன். ஒரு வளைவில் பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன். முன்சக்கரம் பிடித்துக்கொண்டது, பின்பக்கம் வழுக்கி, கார் அப்படியே திரும்பி நின்றது. எதிரே வண்டி வராததால் பிழைத்தேன். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். குளிர்கால டயர் அப்போதும் மென்மையாகவே இருக்கும்.

காற்றையும் அடிக்கடி பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தால்தான் சரியாக இருக்கும்.

பழைய பேட்டரி என்றால் இப்போதே சோதித்துவிடுங்கள். அப்புறம், கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் வேண்டாம், உறைந்துவிடும்.

முக்கியமாக, பனியில் சிக்கி நின்றால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிய பிறகே எஞ்சினை ஓடவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு காருக்குள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது.