கிளாஸைத் தொடாமல் எக்ஸ்எம்எல்: கேள்வி பதில்

ஜாவா ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக (டேக் போட்ட உரையாக) மாற்றும் விதிகளைக் கிளாஸுக்குள் அனோட்டேஷனாக (ஃபீல்டின் மேல் ஒட்டும் குறிப்பாக) எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஜாவாவில் இந்த மாற்றத்துக்கான பொது ஏற்பாடு ஜேஏஎக்ஸ்பி (JAXB). வெளிக் கோப்பை ஏற்கும் அதன் ஒரு செயலாக்கமான எக்லிப்ஸ்லிங்க் மாக்ஸியை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பண்ருட்டி: முந்திரி ஏற்றுமதி செய்பவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறேன். அதே பில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஒரு வடிவத்திலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேறு வடிவத்திலும் போக வேண்டும். இரண்டு கிளாஸ் எழுதுவதா, ஐயா?

வேண்டாம். வெளிக் கோப்பு பிறந்ததே இதற்காகத்தான். அனோட்டேஷன் என்பது பச்சை குத்துவது, வெளிக் கோப்பு சட்டை. பில் என்ற கிளாஸ் ஒன்றே இருக்கட்டும். டேலிக்கு ஒரு மேப்பிங் கோப்பு, வாடிக்கையாளருக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜேஏஎக்ஸ்பி கான்டெக்ஸ்ட் (விதிகளைப் படித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்). இரண்டும் ஒரே நிரலுக்குள் அருகருகே ஓடும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

டேலியின் எக்ஸ்எம்எல்லில் என்வலப், அதற்குள் பாடி, அதற்குள் இன்னும் சில அடுக்குகள் என்று போய்த்தான் வவுச்சர் (கணக்குப் பதிவு) வரும். அத்தனை அடுக்குக்கும் கிளாஸ் எழுத உட்காராதீர்கள். மாக்ஸியில் எக்ஸ்எம்எல்-பாத் என்ற அமைப்பு இருக்கிறது. பாதையைச் சாய்கோடு போட்டு எழுதி, முடிவில் டெக்ஸ்ட் என்று குறித்தால், உங்கள் ஒற்றை ஃபீல்டு அந்த ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேதியில் மட்டும் கவனம். எக்ஸ்எம்எல்லின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமாவின் வழக்கம் 2024-04-01. டேலி எதிர்பார்ப்பது 20240401. இதற்கு வடிவத்தை மாற்றித் தரும் ஒரு அடாப்டர் கிளாஸ் எழுதி, அதை டேலிக்கான கோப்பில் மட்டும் அந்த ஃபீல்டுக்குக் கட்டிவிடுங்கள். மற்றக் கோப்புக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: கோப்பை எழுதி, கான்டெக்ஸ்டை உருவாக்கும்போது தரும் பிராப்பர்ட்டி மேப்பில் (அமைப்புகளின் பட்டியலில்) கொடுத்தேன். "இந்தப் பிராப்பர்ட்டிக்கு ஆதரவு இல்லை" என்று பிழை வருகிறது, அண்ணா. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

உங்கள் கோப்பை இன்னும் யாரும் திறக்கவே இல்லை, தம்பி. ஓடுவது மாக்ஸி அல்ல, வழக்கமான மூல ஜேஏஎக்ஸ்பி. அதற்கு இந்தப் பிராப்பர்ட்டி தெரியாது. கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரை அச்சிட்டுப் பாருங்கள். எக்லிப்ஸ் என்ற சொல் அதில் இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது.

மாக்ஸியை அழைக்கும் ஜேஏஎக்ஸ்பி பிராப்பர்ட்டீஸ் கோப்பு உங்கள் கிளாஸ்கள் இருக்கும் அதே பேக்கேஜில் இருக்க வேண்டும். மேவன் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை ஜாவா கோப்புகளின் பக்கத்தில் வைத்தால் ஜாருக்குள் (தொகுத்த கோப்புக்குள்) போகாது. ரிசோர்சஸ் கோப்புறைக்குள் அதே பேக்கேஜ் பாதையை உருவாக்கி அங்கே வையுங்கள்.

வில்லியனூர்: சம்பள ஃபீல்டு வெளியே போகக் கூடாது என்று மேப்பிங் கோப்பில் அதைக் குறிப்பிடவே இல்லை. ஆனாலும் எக்ஸ்எம்எல்லில் வந்துவிட்டது!

வரத்தான் செய்யும். கோப்பில் சொல்லாதது என்றால் விலக்கப்பட்டது என்று பொருளல்ல. சொல்லாதவற்றுக்கு இயல்பான விதியே பொருந்தும், அந்த விதி பொதுவாகத் திறந்திருக்கும் எல்லாவற்றையும் எழுதிவிடும். அந்த ஃபீல்டை டிரான்சியன்ட் (எழுத வேண்டாதது) என்று குறிப்பது ஒரு வழி. நான் விரும்புவது வேறு: எவை தானாக எழுதப்படும் என்று சொல்லும் அக்சஸர் டைப்பை "நன்" (எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிட்டு, வெளியே போக வேண்டியதை மட்டும் பட்டியலிடுங்கள். நாளை யாராவது ஆதார் எண்ணுக்கு ஒரு ஃபீல்டு சேர்த்தால் அது தானாக வெளியே ஓடாது.

இன்னொன்று. கிளாஸில் ஏற்கெனவே அனோட்டேஷன் இருந்தால், வெளிக் கோப்பு அதை அழிப்பதில்லை, அதன்மேல் படிகிறது. மோதும் இடத்தில் கோப்பே வெல்லும். அனோட்டேஷனை முற்றிலும் ஒதுக்க "எக்ஸ்எம்எல் மேப்பிங் மெட்டாடேட்டா கம்ப்ளீட்" என்ற பண்பை ட்ரூ ஆக்க வேண்டும்.

நெய்வேலி: சோர்ஸ் இல்லாத பழைய ஜார் ஒன்றில் இருக்கும் கிளாஸை மேப் செய்ய முடியுமா?

முடியும். அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் அதில் இல்லையென்றால் மட்டும் ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் ஃபேக்டரி மெத்தட் ஒன்றைக் கோப்பில் சுட்டிக்காட்டுங்கள்.

கடலூர் முதுநகர்: மீன்பிடிப் படகுகளின் பதிவேட்டை எக்ஸ்எம்எல் ஆக்குகிறோம். படிப்பவர்கள் எல்லோரும் தமிழர்கள். டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா?

தாராளமாக. எக்ஸ்எம்எல் 1.0 இலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் உண்டு. ஜாவா பக்கம் ஆங்கிலப் பெயர் அப்படியே இருக்க, மேப்பிங் கோப்பில் மட்டும் தமிழ்ப் பெயர் கொடுத்தால் இப்படி வரும்:

<படகு>
<உரிமையாளர்>…</உரிமையாளர்>
<துறைமுகம்>கடலூர்</துறைமுகம்>
<தொகை>4500</தொகை>
</படகு>

ஆனால் அந்தத் "தொகை"யில் ஒரு பொறி இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எக்ஸ்எம்எல் பார்சர் பெயர்களைக் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும், இரண்டையும் வேறு வேறு டேக் என்றே கொள்ளும். பிழையும் காட்டாமல் ஃபீல்டு காலியாக நிற்கும், காரணம் தேடி ஒரு நாள் போய்விடும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. வெளியிலிருந்து வரும் கோப்பைப் படிப்பதற்கு முன் என்எஃப்சி (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றுங்கள். மேப்பிங் கோப்பையும் அதே வடிவத்தில், யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வராத பெயர்களாகத் தேர்ந்தெடுக்கலாம். "தொகை"க்குப் பதில் "பணம்" போதும்.

ரெட்டியார்பாளையம்: நாங்கள் டாட்நெட். எங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

கோப்பாக இல்லை. எக்ஸ்எம்எல் சீரியலைசருக்கு அட்ரிபியூட் ஓவர்ரைட்ஸ் என்ற வசதி உண்டு, நிரலிலேயே எழுத வேண்டும். கோப்பு வேண்டுமென்றால் அதைப் படித்து ஓவர்ரைட்ஸ் ஆக்கும் சிறு பகுதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஓவர்ரைட்ஸ் கொடுத்து உருவாக்கும் சீரியலைசரை டாட்நெட் தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் புதிய அசெம்ப்ளியை (தொகுத்த நிரலை) உருவாக்கும், அது நினைவகத்தைவிட்டுப் போகாது. ஒருமுறை உருவாக்கி, ஸ்டாட்டிக் ஆக வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள். சர்வர் ஏன் மெல்ல மெல்ல வீங்குகிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

சிதம்பரம்: எக்ஸ்ஜேபி கோப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை, திசை வேறு. அது ஸ்கீமாவிலிருந்து ஜாவா கிளாஸை உருவாக்கும்போது பயன்படுவது.

திருப்பாதிரிப்புலியூர்: எங்கள் குழுத் தலைவர் எல்லா அனோட்டேஷனையும் நீக்கிவிட்டு வெளிக் கோப்புக்கு மாறச் சொல்கிறார். சரியா?

ஒரே வடிவம், உங்கள் சொந்தக் கிளாஸ் என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஃபீல்டின் பெயரை மாற்றினால் அதன்மேல் இருக்கும் அனோட்டேஷன் கூடவே நகரும். கோப்பில் இருப்பது வெறும் எழுத்து. பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கும், கம்பைலர் வாய் திறக்காது, ஓட்டும்போதுதான் வெடிக்கும். பல வடிவம் வேண்டும், அல்லது கிளாஸைத் தொடவே முடியாது என்ற இரண்டு நிலையில்தான் கோப்பு தன் விலைக்கு வேலை செய்யும். தலைவர் பிடிவாதமாக இருந்தால், கான்டெக்ஸ்டை உருவாக்கி ஓர் ஆப்ஜெக்டை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை ஒன்றை பில்டில் சேர்த்துவிடுங்கள்.

உப்பளம்: ஜாவா 8 இலிருந்து 17 க்குப் போனதும் எதுவுமே கம்பைல் ஆகவில்லை.

2018 இல் வந்த ஜாவா 11 இல் ஜேஏஎக்ஸ்பி ஜேடிகேயிலிருந்து (ஜாவா நிரலாக்கத் தொகுப்பிலிருந்து) நீக்கப்பட்டுவிட்டது. லைப்ரரியை நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது பதிப்பைப் பாருங்கள்: 3.0 முதல் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டது, மாக்ஸியும் அதற்கு ஏற்ற பதிப்பாக இருக்க வேண்டும். இம்போர்ட் வரிகளை உடனே தொட விருப்பமில்லையென்றால் 2.3 வரிசையிலேயே இப்போதைக்கு நில்லுங்கள். மேப்பிங் கோப்பில் அடாப்டர்களின் முழுப் பெயர் எழுதியிருந்தால் அவை உங்கள் சொந்தக் கிளாஸ்கள், அவற்றின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.