அறையைப் பூட்டாதீர்கள், ஆச்சி

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் பெரிய வீட்டில் நானும் மகன் வயிற்றுப் பேரனும் மட்டும் இருக்கிறோம். மகனும் மருமகளும் சிங்கப்பூரில். பேரனுக்கு 20 வயது, காரைக்குடியில் படிக்கிறான். இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அறையில் ஊசிகளும் காலி மாத்திரை அட்டைகளும் கண்டேன். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாக அழுது ஒப்புக்கொண்டான். பத்து நாள் அதே அறையில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடுவான் என்கிறார் உறவினர். பேத்தியைப் பெண் கேட்டு வந்திருக்கும் நேரம். மகனிடம் சொல்லட்டுமா?

பதில்: அன்புள்ள ஆச்சி, பூட்டவே பூட்டாதீர்கள்.

உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். ஊசியை நிறுத்தியதும் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, உடம்பு முறிக்கும் வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். தெளிந்துவிட்டான் என்று கதவைத் திறப்பீர்கள். அதற்குள் பழைய அளவைத் தாங்கும் சக்தி அவன் உடலுக்குப் போயிருக்கும், ஏக்கம் போயிருக்காது. முன்பு போட்ட அதே அளவை மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடக்கூடும். சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டு இறந்த பிள்ளைகள் பலர். தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியிருந்தால், திடீரென நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும்.

அட்டையில் டேபென்டடால் என்று இருக்கிறதா பாருங்கள். கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அது; அபினைப் போலவே மூளையில் வேலை செய்யும். விழுங்குவதற்காக அதில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் ரத்தக் குழாயை அடைத்துக் கையைப் புண்ணாக்கும். ஊசியை நண்பர்களோடு பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

சிகிச்சைக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்பு மையம் எங்கே என்று கேட்க 14446-க்குக் கட்டணமின்றிப் பேசலாம். ஏக்கத்தை அடக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒருமுறை தவறினாலும் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

மகனிடம் இன்றே சொல்லுங்கள். செலவுக்குப் பணம் நேராகப் பேரன் கைக்கு வருகிறதென்றால், அதை நிறுத்தவாவது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வளவுக்குள் (வீட்டின் உள்முற்றம்) நடப்பது வாசல் முகப்பைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நானும் அப்படியொரு வீட்டுப் பெண்தான். அந்தக் கட்டுப்பாட்டை இந்த விஷயத்தில் நான் ஏற்கமாட்டேன். அபின் வகைப் போதையைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2 கோடியே 26 லட்சம் பேர் என்று 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. இது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல, நோய். பேத்தியின் சம்பந்தம் பத்து நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

இன்றிரவு அவனைத் தனியே விடாமல், வளவில் உங்கள் அருகிலேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு விட்டுவிட்டு வந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அழுது ஒப்புக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகை ஆறுவதற்குள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், ஆச்சி.